லிஃப்டில் இருந்த அப்பா

நேரு வீதிக்குப் பின்னால் இருந்த பழைய ஓட்டலை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருபது மாடியில் இரண்டு கட்டடங்கள் வரப்போகின்றனவாம். அந்த வழியாகப் போனபோது, ஓட்டல் லிஃப்டின் கம்பிக்கதவைக் கிரீச்சென்று இழுத்துப் போட்ட சத்தத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன்.

அந்த லிஃப்டை இயக்கியவர் என் அப்பா. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கரண்ட் போய், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அவர் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கம்பி வழியாக அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. கிரீஸ் வாடை குப்பென்று அடித்தது.

"பாப்பா, எதனா பேசிக்கினே இரு," என்றார்.

அப்பாவின் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். வாய்ப்பாட்டைப் பதினாறு வரைக்கும் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மூச்சுவாங்க நிறுத்தினால், "இருக்கியா?" என்பார்.

வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாத," என்றார். மறுநாளும் அதே லிஃப்டில் ஏறினார். அதன்பின் இருபது வருஷம் ஏறினார்.

இருப்புக்கொள்ளாமல் தெருவில் நடந்தபடியே முத்தியால்பேட்டை வீட்டில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ஓட்டல இடிக்கிறாங்கப்பா."

"லிஃப்ட கழட்டிட்டாங்களா?"

"இப்பதான் கழட்டுறாங்க."

அப்பா நீளமாக மூச்சுவிட்டு, "அப்ப சரிம்மா," என்றார்.