பெரட்டு இல்லாத காலை

என் அண்ணன் நாற்பதைத் தாண்டாமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த கையோடு டாக்டர் என்னையும் சோதித்துப் பார்த்து, எனக்கும் ரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொன்னார். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தே தொந்தி வளர்த்திருந்த நான், அன்றிலிருந்து விடியற்காலையில் எழுந்து ஓட ஆரம்பித்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. சிலிபின் என்ற ஊரில் குடியிருந்தோம்.

நான் எங்காவது விழுந்து கிடந்தால் யார் தூக்குவது என்று என் மனைவிக்குக் கவலை. அவளும் காலுக்கு ஒரு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து வாங்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ரோட்டில் ஓடினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னா அண்ணே, அக்கா தொரத்துதா?" என்று கோப்பிக் கடையிலிருந்து குரல் வரும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மோட்டார்சைக்கிளில் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய் ஓடத் தொடங்கினோம்.

அங்கே பயமில்லை. இருட்டு விலகும் முன்பே ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் நெற்றி விளக்குகள் காட்டுக்குள் அங்கங்கே தெரியும். யாராவது யாரையாவது கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஆண்டுக் கடைசியின் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு அன்றைக்கு இருக்காது. தோட்டத்தில் ஒரு ஆளையும் பார்க்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் விட்டால் மறுநாளும் விடத் தோன்றும் என்று மழையிலும் அடம்பிடித்து ஓடினேன்.

"நனைஞ்சு காய்ச்சல்ல படுக்கப் போறீங்க," என்பாள்.

"நெஞ்சுவலிக்குக் காய்ச்சல் தேவலாம்லா," என்பேன். அவளும் சப்பாத்தை எடுத்து மாட்டுவாள்.

அன்றும் தூறல். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வழக்கம்போல நான் குன்றைச் சுற்றிப் போகும் நீளப் பாதையில் போனேன். அவள் குறுக்குப் பாதை. இரண்டும் பழைய தண்ணீர்த் தொட்டியிடம் சேரும். "ஆமை மாதிரி வராதே," என்று கத்திவிட்டுப் போனேன்.

குன்றின் முதுகில் ஏறும்போது துப்பாக்கி வெடித்தது. அவள் போன பக்கம்.

நாய்கள் குரைத்தன. பாதையை விட்டுவிட்டு மரங்களுக்கிடையே சரிவில் இறங்கி ஓடினேன். செம்மண் வழுக்கி இரண்டு முறை விழுந்தேன். கீழே மழைச்சட்டை போட்ட இரண்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி. பன்றி வேட்டைக்கு வந்தவர்கள்.

"யோவ், யாரது? இன்னிக்குப் பெரட்டு இல்லன்னு தெரியாதா?" என்றான் துப்பாக்கிக்காரன்.

"என் சம்சாரம் அந்தப் பக்கம் இருக்கு," என்றேன்.

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். "பொம்பளையா? இந்த மழையிலயா?"

"எதைய்யா சுட்டே?"

"பன்னிதான் அண்ணே. பொதரு அசைஞ்சுச்சு, சுட்டேன்."

"பன்னியப் பாத்தியா?"

அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். கூட இருந்தவன்தான், "பன்னியாத்தான் இருக்கும் அண்ணே," என்று மெதுவாகச் சொன்னான்.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இலைகளில் மழை விழும் சத்தம்தான் வந்தது. மறுபடி கத்தினேன். அந்தப் புதரை நோக்கி நான் போகப் பார்த்தபோது இரண்டாமவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "போகாதீங்க அண்ணே. அடிபட்ட பன்னி பாஞ்சிரும். நாய் போவட்டும்." அவனை ஓங்கி அறைந்தேன். அவன் கையை விட்டுவிட்டான், கோபப்படக்கூட இல்லை. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

புதருக்குள் கையை விட்டு விலக்கினேன். ஈரத் தழையில் ரத்தம் இருந்தது. நாய்கள் அதை மோந்துவிட்டு ஓடைப் பக்கம் ஓடின. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முருகா, அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்விட்டே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கம் நாய்கள் மொத்தமாகக் குரைக்க, பன்றியின் வீறிடல் கேட்டது. துப்பாக்கிக்காரன் அப்படியே மரத்தில் சாய்ந்து, "பன்னிதான், பன்னிதான்," என்றான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

அப்படியென்றால் அவள் எங்கே?

தொட்டி இருந்த பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. மரங்களுக்கிடையே அவள் ஓடிவந்தாள். ஒரு காலில் சப்பாத்து இல்லை, முழங்கால்வரை சேறு, முடியெல்லாம் அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. அவள் முன்னாடியே தொட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அங்கிருந்து கேட்டவளுக்கு வெடிச்சத்தம் நான் வரும் பக்கமாகத் தோன்றியிருக்கிறது.

துப்பாக்கியையோ அந்த ஆட்களையோ அவள் பார்க்கவில்லை. என் மேல் வந்து விழுந்து, நனைந்த சட்டையைத் தூக்கி வயிற்றையும் நெஞ்சையும் முதுகையும் தடவினாள்.

"எங்க பட்டுச்சு? சொல்லுங்க, எங்க பட்டுச்சு?"

எங்கும் படவில்லை என்றேன். அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.