கேபிளில் உட்கார்ந்த மயில்

எங்கள் ஊரில் இன்டர்நெட் நின்றுபோனால் முதலில் மொட்டைமாடிக்கு ஏறி, மயில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். விராலிமலைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மலையிலிருந்து இறங்கி வரும் மயில்களுக்கு வயல் எது, வீடு எது என்ற பேதமெல்லாம் கிடையாது. கேபிள் ஒயரில் வந்து உட்காரும். அந்தக் கனத்துக்கு ஒயர் தாழ்ந்து, மாட்டியிருக்கும் இடத்தில் பிய்த்துக்கொள்ளும். முருகனின் வாகனம் என்பதால் யாரும் கல்லெறிய மாட்டார்கள். "எலின்னா பொறி வைக்கலாம், மயிலுக்கு என்னத்த வைக்கிறது?" என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அப்பாவுக்கு ஹைவேஸ் ஓரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ். ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகையும் ஒரு மேஜையும்தான். மெயில் பார்ப்பது, பில் அனுப்புவது எல்லாம் வீட்டு ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில். அதே வீட்டில் அத்தையும் இருந்தாள், அப்பாவின் கடைசித் தங்கை. காலேஜில் கொடுத்த அரசாங்க லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பேங்க் பரீட்சைக்கு ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த நெட் ஒயரோ ஒன்றே ஒன்று. அப்பா மெயில் பார்த்தால் அத்தைக்கு வகுப்பு போச்சு. அத்தை வகுப்பில் உட்கார்ந்தால் அப்பாவுக்கு லோடு போச்சு. ஒயரைப் பிடுங்கி அங்கேயும் இங்கேயும் மாற்றி மாற்றிச் சொருகுவார்கள். "ரெண்டு மருமக இருக்க வீட்டுலகூட இம்புட்டுச் சண்டை நடக்காது" என்பாள் அம்மா.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் சித்தப்பா. திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கொம்பு முளைத்த சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். அதுதான் ரௌட்டர். மாடியிலிருந்து ஒயர் உள்ளறை ஜன்னல் வழியாக இறங்குவதால் அந்த ஜன்னலோர அலமாரியிலேயே பெட்டியை வைத்தார். அங்கிருந்து அப்பாவின் கம்ப்யூட்டருக்கு நிலைப்படியை ஒட்டி ஒரு நீல ஒயர் போனது. அத்தையின் லேப்டாப்புக்கு ஒயரே வேண்டியதில்லை. பெட்டியின் முகத்தில் வரிசையாகப் பச்சை விளக்குகள். வெளியிலிருந்து லைன் வராவிட்டால் மட்டும் ஒரு விளக்கு சிவப்பாகிவிடும்.

வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சித்தப்பா சொன்னார்: "இது மடை மாதிரி ஆத்தா. உள்ள வர்ற தண்ணி ஒண்ணுதான். இங்கிட்டு ஒரு வாய்க்கா, அங்கிட்டு ஒரு வாய்க்கா. ஒங்கப்பா வயலும் காயாது, ஒங்கத்த வயலும் காயாது. ஆனா நீ நடுவுல கேம் ஆடுனீன்னு வையி, மொத்தத் தண்ணியும் ஒன் வாய்க்காலுக்கே போயிரும்."

நான் லேப்டாப் பக்கம் போகாமலிருக்க அவர் போட்ட பூட்டு அது. எனக்கோ அது வேதவாக்கு. அதற்குப் பிறகு வீட்டில் நெட் கொஞ்சம் மந்தமானாலும், மனதுக்குள் கேம் ஆட ஆசைப்பட்டதால்தான் இப்படி ஆனதோ என்று பயப்படும் அளவுக்கு நான் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

அத்தைக்கு ஒரு வரன் வந்தது அந்தச் சமயத்தில்தான். மாப்பிள்ளை வீடு கறம்பக்குடி, மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. கல்யாணம் முடிந்ததும் அவர் மட்டும் கப்பலோ விமானமோ ஏறிவிடுவார். பெண் கறம்பக்குடியில் மாமியாருக்குத் துணையாக இருக்க வேண்டும், வேலைக்கெல்லாம் போகக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பரீட்சை அடுத்த மாதம். எழுதிவிட்டுப் பேசலாமே என்று அத்தை ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "பரீட்சை எங்க போயிறப்போகுது? நல்ல எடம் தானா வருது" என்றார் அப்பா. இரண்டு நாள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணப் பெண்கள் அப்படித்தான் மெலிவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவும் சொந்தக்காரர்களும் நேரில் வருவதென்றும், மாப்பிள்ளை வீடியோவில் பெண்ணைப் பார்ப்பதென்றும் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிடலாம். ஹாலில் அப்பாவின் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமமெல்லாம் வைத்திருந்தாள் அம்மா. கேசரி வாசனையில் எனக்கு நிலைகொள்ளவில்லை.

உள்ளறையில் அத்தை பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு இருந்தாள். என்னைப் பார்த்ததும் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"குட்டி, ஒனக்குக் கேம் ஆடணுமா? ஆடு."

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. மடையும் வாய்க்காலும் நினைவுக்கு வராமலில்லை. ஆனால் பெரியவர்களே சொல்லும்போது நான் யார் மறுக்க? உட்கார்ந்துவிட்டேன்.

ஹாலில் மாப்பிள்ளை திரையில் வந்துவிட்டார் போலிருக்கிறது. "ஹலோ, கேக்குதா? கேக்குதா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சிங்கப்பூர் வரைக்கும் குரல் போக வேண்டுமே என்ற கவலை. திடீரென்று என் கேம் நின்றது. ஹாலிலும் "அய்யய்யோ" என்றார்கள். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை தும்மப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றிருந்தார். தண்ணீர் முழுவதையும் நான் இழுத்துவிட்டேன்!

திரும்பினால், அத்தை அலமாரியோரம் நின்றுகொண்டிருந்தாள். "ஒயர் லூசா இருக்கான்னு பாத்தேன்" என்றாள். பாவம், என் தப்பைச் சரி செய்யப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஹாலிலிருந்து சித்தப்பா ஓடி வந்து பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு ஏதோ அழுத்தினார். சிவப்பு விளக்கு பச்சையானது. ஹாலில் மறுபடியும் "கேக்குதா?". "பொண்ண வரச் சொல்லுங்க, நேரமாச்சு" என்றது ஒரு குரல். நான் லேப்டாப்பைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியும் விளக்கு சிவப்பாகிவிட்டது. கேமை மூடாமல் விட்டதுதான் குற்றம் என்று முடிவு செய்தேன்.

சித்தப்பா இரண்டாம் தடவை வந்தார். பெட்டியின் பின்புறம் குனிந்தவர் அப்படியே நின்றார். மாடியிலிருந்து வரும் ஒயர் பெட்டியில் சேராமல் தனியாகத் தொங்கியது. அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "சின்னண்ணே..." என்றாள், அவ்வளவுதான். சித்தப்பா பிறகு என்னையும், என் முன்னால் திறந்திருந்த கேமையும் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

அவர் ஒயரைத் தொடவில்லை. நேராக ஹாலுக்குப் போனார்.

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. மாடியில மயிலு வந்து உக்காந்து லைன அத்துவிட்டுருச்சு. கேபிள்காரரு நாளைக்கித்தான் வருவாரு."

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "முருகா! பூ வைக்கிற நேரத்துல ஒன் வாகனமே வந்து குறுக்க உக்காரணுமா?" சுவரில் கடிகாரம் நாலரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

அவர்கள் வேன் ஏறுவதற்குள் நான் மாடிக்கு ஓடியிருந்தேன். மயில் இருந்தால் நான் குற்றவாளி இல்லையே! மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயைத் தவிர ஒன்றும் இல்லை. கேபிளும் நன்றாக இழுத்துக் கட்டியபடி இருந்தது. இறங்கி வந்து "மயிலே இல்ல..." என்று ஆரம்பித்தேன். சித்தப்பா பட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பறந்து போயிருச்சு ஆத்தா. வா, கடைக்குப் போயிட்டு வருவோம்."

கடையில் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கேம் ஆடிக் கல்யாணத்தைக் கெடுத்த என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் சித்தப்பா அந்த மயிலை வரவழைத்திருக்கிறார். ஐஸ் உருகி முழங்கைக்கு ஓடியதுகூடத் தெரியாமல் அவரை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பியபோது பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அறுந்துபோன லைன் கேபிள்காரர் வராமலே எப்படி வந்தது என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்துவிட்டு மெயில் பார்க்க உட்கார்ந்தார். உள்ளே அத்தைக்கு வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னை இழுத்துத் தலையில் முத்தம் கொடுத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அழுதேன்.

அத்தைக்கு அந்தப் பரீட்சை தேறவில்லை. அடுத்த தடவை தேறியது. வேலை போட்ட இடம் கறம்பக்குடிக் கிளை! அந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுப்பதும் அவள்தான் என்று கேள்வி.

இந்தத் தை மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை, முதலில் வீடியோவில் பார்க்கட்டும் என்றார்கள். முந்தின நாள் சித்தப்பா போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை, ஒன்றும் இல்லை.

"ஆத்தா, மயிலு வரணுமா, வேணாமா? இப்பவே சொல்லிரு."

தனியாகத் தொங்கிய அந்த ஒயரும், அத்தையின் கண்ணும் இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"அன்னைக்கு வந்த மயிலு எனக்காகன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன் சித்தப்பா" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். "ஒனக்கு வந்தது குச்சி ஐஸுதான் ஆத்தா."