மஞ்சள் கவுன்

நேற்று பாடி நிறுத்தத்தில் பேருந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் துப்பட்டாவில், இரும்பு வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் வாடை அடித்தது. எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்த அந்த வாடையில், அப்பாவின் தகர ஷெட்டில் மில்லிங் மெஷின் ஓட ஓட நான் வீட்டுப்பாடம் எழுதிய மரப்பெட்டிக்கே போய்விட்டேன். இரும்பில் மெல்லிய பள்ளமாகக் காடி போடும் வட்ட ரம்பம் சீராகச் சுற்றினால் 'ஸ்ஸ்' என்று ஒரே இழையாகக் கேட்கும். சுற்றுக்கு ஒரு 'டக்' வந்தால் அது கோணலாக ஓடுகிறது, உடையப்போகிறது என்று எனக்கே தெரியும்.

ஒருநாள் இரண்டு ரம்பம் உடைந்து, கடைசி ரம்பமும் 'டக்' என்றது. அப்பா ரம்பம் விற்ற கடைக்காரரைத் திட்டினார்.

"பிளேடு நல்லாத்தான் கீது. கயட்டு," என்றாள் அம்மா.

கழற்றிப் பார்த்தால், ரம்பத்துக்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு நூல். அப்பா பார்த்துப் பார்த்துத் துடைத்த பனியன் துணியிலிருந்து உதிர்ந்தது.

எனக்குச் சிறியதாகிப்போன மஞ்சள் கவுனை அம்மா கிழித்துத் துடைக்கக் கொடுத்தாள். அது நூல் உதிர்க்காது. ரம்பம் 'ஸ்ஸ்' என்று ஓடியது, நான்தான் அழுதேன்.

ஷெட்டைக் காலி செய்த அன்று, மெஷினை லாரியில் ஏற்றிவிட்டு வந்த அப்பா, துவைத்து மடித்த அந்தத் துணியை என்னிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, உன் கவுனு."