ஏழாவது பாத்திக்கு வந்த சேறு

நான் லாரிகளுக்குப் பட்டி பார்க்கிறவன். புதிதாகக் கட்டிய லாரியின் தகரத்தில் இருக்கும் பள்ளங்களைப் பட்டிக் குழம்பால் நிரவி, காய விட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடிப்பவரிடம் விட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த வருஷமே இந்த வேலைக்கு வந்துவிட்டேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது, நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருக்கலாம் என்பதுதான்.

பட்டறை இருப்பது நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகும் பாதையில். பட்டறைக்குப் பின்னால் முதலாளியின் இடம் கொஞ்சம் முள் முளைத்துக் கிடந்தது. ஒரு வருஷம் அவராகவே, "சும்மா கெடக்கறதுக்கு நீங்களாச்சும் எதாச்சும் போட்டுத் தின்னுங்கப்பா" என்று சொல்லி ஏழு பாத்தியாகப் பிரித்துவிட்டார். பெயிண்ட் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். எனக்கு ஏழாவது பாத்தி வந்தது. எல்லாவற்றிலும் தாழ்ந்த இடம், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். யாரும் மாற்றிக்கொள்ளக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

என் வீட்டிலும் மனைவி வீட்டிலும் யாருக்கும் ஒரு அடி மண் இருந்ததில்லை. என் மனைவி முட்டைக் கிடங்கில் அட்டை அடுக்குகிற வேலை பார்க்கிறாள். அங்கிருந்து கோழி எரு மூட்டையாகக் கிடைத்தது. அதைப் போட்டுப் போட்டு மூன்று வருஷத்தில் அந்தத் தாழ்ந்த பாத்தி கறுப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் அங்கே போய்விடுவோம். பந்தல் போட்டு அவரைக் கொடி விட்டிருந்தேன். ஓரத்தில் கத்தரி பத்துச் செடி.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று பொரி கொடுத்துக்கொண்டே முதலாளி ஒன்று சொன்னார். "சேசிஸ் நிறுத்த எடம் பத்தலைப்பா. தை வரைக்கும் பாப்பேன். பச்சையா இருக்கற பாத்தி உங்களுது. காஞ்சு கெடக்கறதுல எல்லாம் ஜல்லி கொட்டிருவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

சேசிஸ் என்பது கூடு கட்டுவதற்காக எங்களிடம் வரும் வெறும் லாரி. அப்போதே முதல் இரண்டு பாத்திகள் காய்ந்துதான் கிடந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். என் பாத்தியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவரை அப்போதுதான் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது.

பாத்திகளுக்கு மேல்பக்கம், வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு அம்மா வீடு கட்டிக்கொண்டிருந்தார். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. பாதி கட்டிய வீட்டிலேயே குடியிருந்தார். அந்த மனையில் ஏற்கெனவே இரண்டு முறை போர் போட்டுத் தண்ணீர் இல்லாமல் போயிருந்தது. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவதாகத் துளை போட ரிக் வண்டி வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் போர் ஓடும்போது பார்க்க வருகிறவர்கள் சில சொற்களைச் சொல்ல மாட்டார்கள். 'போதும்' என்று சொல்லக் கூடாது. 'நிறுத்து' என்று சொல்லவே கூடாது. பூமிக்குள் வருகிற தண்ணீர் அதைக் கேட்டுத் திரும்பிவிடும் என்பார்கள். இதை நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் சொல்ல மாட்டேன்.

காலையில் வெறும் வெள்ளைத் தூசிதான் பறந்தது. டீ குடிக்கிற நேரத்தில் பட்டறைக்குப் பின்புறம் போனேன். தூசி அடங்கி, குழியிலிருந்து சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி சேறு வர ஆரம்பித்திருந்தது. பாறை மாவும் ஈரமும் கலந்த சேறு. கீழே ஈரம் கண்டுவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அங்கே நின்றவர்கள் கை தட்டினார்கள். ரிக் ஆட்கள் சேறு ஓட ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அந்த வாய்க்கால் நேராக எங்கள் வேலியைப் பார்த்து வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் வெறும் முள்காடு என்று நினைத்திருப்பார்கள். சேறு வேலிக்கு அடியில் புகுந்து, ஆறாவது பாத்தியின் மிளகாய்ச் செடிகளை மூடிக்கொண்டு, என் பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி ஓடினேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்த அம்மா கையில் சூடத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"வாங்கண்ணா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பாருங்க, ஈரம் வந்திருச்சு. இன்னொரு ரெண்டு குழாய் எறங்குனா தண்ணியே வந்திருமாம்" என்றார். தட்டை என் பக்கம் நீட்டினார். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"மம்பட்டியோட வந்திருக்கறீங்களே, எதுக்குங்ண்ணா?"

"சும்மாதாங்க" என்றேன்.

அங்கேயே நின்றேன். வாய்க்காலைத் திருப்பலாம் என்றால், வண்டிக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் போய் வெட்ட வேண்டும். இத்தனை பேர் பார்க்க, ஓடுகிற ஈரத்துக்குக் குறுக்கே மண்ணைப் போட எனக்குக் கை வரவில்லை. அரை மணி நேரத்தில் தண்ணீர் பீறிட்டு வந்தது. வண்டி உயரத்துக்கு எழும்பி எல்லார் மேலும் கொட்டியது. அந்த அம்மா நனைந்துகொண்டே சிரித்தார். ஆளுக்கு ஒரு பிடி சர்க்கரை கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன்.

திரும்பி வந்து பார்த்தால் என் பாத்தி முழுக்கக் கணுக்கால் அளவுக்குச் சாம்பல் சேறு. கத்தரி சாய்ந்து மூடிப்போய்க் கண்ணில் படவில்லை. அவரைக் கொடியின் அடித்தண்டு சேற்றுக்குள் இருந்தது. பந்தல் மட்டும் பூவோடு மேலே நின்றது.

ஆறாவது பாத்தி எங்கள் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிற அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மிளகாய் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அங்கதான நின்ன?"

"ஆமாங்க்கா."

"மம்பட்டியும் கையில இருந்துச்சாம்."

"ஆமாங்க்கா."

"அப்புறம் வாயில என்ன, கொழுக்கட்டையா வெச்சிருந்த? பெருமாள் கோயில் தூணு மாதிரி நின்னுட்டு சக்கரை வேற தின்னுட்டு வந்திருக்கற!"

சர்க்கரை தின்றது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. மீசையில் ஒட்டியிருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் முதலாளியும் வந்து பார்த்துவிட்டுப் போனார். காலால் ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரை அளப்பது போல நடந்தார். எத்தனை சேசிஸ் நிற்கும் என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, அவரைச் செடி செத்துப்போச்சா, உசுரு இருக்குதா?"

"இருக்குது. சேத்த எடுத்துட்டா பொழைச்சுக்கும்."

"அப்ப எடுக்கலாம்."

அவளுக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது. எனக்கும் ஒன்று தெரிந்திருந்தது. அந்தச் சேறு பார்ப்பதற்கு நான் தினமும் கையாள்கிற பட்டிக் குழம்பு மாதிரியே இருந்தது. பட்டியை ஈரமாக இருக்கும்போது எடுத்தால் வழிந்து எங்கும் பரவும். முழுக்கக் காய்ந்தால் கல்லாகிவிடும். நடுவில் ஒரு பதம் உண்டு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், விரலில் ஒட்டாது. அந்தப் பதத்தில் பட்டி வழிக்கும் தகட்டைப் போட்டால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். வெயிலைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதம் வரும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் மறுநாள் காலை ரிக் வண்டியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டில் மோட்டார் இறக்குகிறார்களாம். முதல் நாள் முழுக்கக் கலங்கல் தண்ணீரை வெளியே ஓட விட வேண்டுமாம். அதே வாய்க்காலில்தான் வரும். அந்தச் சேறு வந்து இந்தச் சேற்றின் மேல் உட்கார்ந்தால் பிறகு எந்தத் தகடும் போட முடியாது. தைக்குள் அங்கே ஒரு பச்சையும் வராது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து டீ கொடுத்தார். போரில் எவ்வளவு தண்ணீர், எந்த ஆழத்தில், முன்பு போட்ட இரண்டு போருக்கும் எப்படி அழுதார் என்று எல்லாம் சொன்னார். நான் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். டீ முடிந்தது. "வரட்டுங்களா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வேலி ஓரம் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே உப்புத்தாள் அக்கா குந்தி உட்கார்ந்து சேற்றுக்குள் கையை விட்டு ஒரு மிளகாய்ச் செடியை இழுத்துக்கொண்டிருந்தார். அது வேரோடு கையில் வந்தது. என்னைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன்.

திரும்பவும் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்ண்ணா, எதாச்சும் மறந்துட்டீங்களா?"

"ஆமாங்க." வேலிப் பக்கம் கையைக் காட்டினேன். "உங்க போர் சேறு எங்க பாத்தியில நிக்குதுங்க. நாளைக்கும் அதே பக்கம் விட்டீங்கன்னா எடுக்க முடியாதுங்க. வாய்க்கால அந்தப் பக்கம் திருப்பிக்கட்டுங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னோடு வேலி வரைக்கும் வந்தார். இந்தப் பக்கம் பாத்திகள் இருப்பதே அவருக்குத் தெரியாது. அக்காவின் கையில் இருந்த செடியைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார்.

"அய்யோ! அன்னைக்குப் பக்கத்துலயே நின்னீங்களேண்ணா. ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"தண்ணி வர்ற நேரத்துல நிறுத்துங்கன்னு எப்படீங்க சொல்றது?"

அக்காதான் பதில் சொன்னார். "அது சொல்லாது அம்மிணி. ஊடு பத்தி எரிஞ்சாலும் பக்கத்து ஊட்டுக்காரன் தூக்கம் கெட்டுப்போகும்னு சும்மா நிக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கம் என் வாசல்தான் இருக்குது. பரவால்லைங்ண்ணா, வாசல்ல ஓடட்டும். என் தண்ணிதான" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் நானும் அவரும் சேர்ந்து அவர் வாசல் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் புது வாய்க்கால் வெட்டினோம். வாசலுக்குக் கொட்டியிருந்த புது மண் பாதி வீணாகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது, விரலில் ஒட்டவில்லை. பட்டறையிலிருந்து எல்லாப் பட்டித் தகடுகளையும் எடுத்து வந்திருந்தேன். என் மனைவிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவும் தோசைக்கரண்டியோடு வந்தார்.

"இது அடை எடுக்கற கரண்டி. இதுல வராதது இல்ல" என்றார்.

உண்மையிலேயே நன்றாக வந்தது. அவரைத் தண்டைச் சுற்றி மட்டும் நானே எடுத்தேன். தகரத்தில் வளைவான மூலைக்கு எப்படிக் கை வைப்பேனோ அப்படி, தண்டில் தகடு படாமல். பெயர்ந்த கட்டிகளைப் பாண்டுச் சட்டியில் அள்ளி, பாத்திக்குப் போகும் வழியில் போட்டு மிதித்தோம். மழைக்காலத்தில் வழுக்குகிற வழி அது. இப்போது கெட்டியாக இருக்கிறது. அந்தப் பக்கம் அவர் வாசலில் நாள் முழுக்கக் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் பிழைக்கவில்லை. கத்தரி பத்தும் போயிற்று. அக்காவின் மிளகாயில் நான்கு செடிதான் நின்றது. அவரை இலைகளைக் கொட்டிவிட்டு இரண்டு வாரம் குச்சியாக இருந்தது. மனைவி கோழி எருவைக் கரைத்து ஊற்றினாள். தண்ணீருக்கு இந்த முறை பட்டறைக் குழாயிலிருந்து குடம் தூக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா வேலிக்கு மேலே ஒரு பைப்பைப் போட்டுவிட்டிருந்தார். மோட்டார் போடும் நேரத்தில் "அண்ணா, தண்ணி!" என்று அங்கிருந்து சத்தம் கொடுப்பார். அக்கா மட்டும் இன்னமும் அவரிடம் மாவு வாங்குவதில்லை. ஆனால் பைப்பை என்னைவிட அதிக நேரம் அக்காதான் பிடித்துக்கொண்டிருப்பார்.

மார்கழி நடுவில் கணுக்களில் தளிர் வந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் முதலாளி பின்பக்கம் வந்தார். கையில் ஜல்லிக்காரர் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. பந்தலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஊதா நிறத்தில் பூ, அங்கங்கே விரல் நீளத்தில் பிஞ்சு.

"ஏப்பா, இது செத்துப்போச்சுன்னாங்க?"

"இல்லீங்க. வருதுங்க."

"செரி, இது உன்னுதுதான். மொதல் ரெண்டு பாத்தியில ஜல்லி கொட்டிக்கறேன்."

அவர் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன். முதலாளிக்குப் பின்னால் நானாகப் போய்ப் பேசியது அந்தப் பட்டறையில் அதுவரை கிடையாது.

"ஒண்ணுல மட்டும் கொட்டிக்குங்க. ரெண்டாவது பாத்திய அந்த மாவுக்கார அம்மிணிக்கு விடலாங்களா? வெண்டை போடறேங்கறாங்க."

அவர் நின்றார். "பட்டறை ஆளுங்களுக்குத்தானப்பா குடுத்தேன். அவங்க யாரு?"

"இங்க பாயற தண்ணி அவங்களுதுங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலிக்கு மேலே கிடந்த பைப்பையும் பார்த்தார்.

"நீ பேசுவியாப்பா?" என்றார். சிரித்துக்கொண்டே சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஒரு லோடு போதும்னு சொல்லிடறேன், போ."

முதல் பாத்தியில் ஜல்லி கொட்டியாகிவிட்டது. அதன் மேல் இப்போது ஒரு சேசிஸ் நிற்கிறது. நான் அடுத்துப் பட்டி பார்க்க வேண்டிய வண்டி. இரண்டாவது பாத்தியில் வெண்டை இரண்டு இலை விட்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவரை முதல் பறிப்பு. என் மனைவி மடியில் அரை மடி வந்தது. மூன்று பங்காகப் போட்டாள். அக்காவின் பங்கைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது பங்கோடு வேலிப் பக்கம் போய் அந்த அம்மாவை நானே கூப்பிட்டேன்.