அத்தான் நிறுத்தச் சொன்ன ஐஸ் கொம்பனி

அக்காவின் கணவர் வெளிநாட்டில் அணுமின் நிலையத்தில் வேலை என்பது வரைக்கும்தான் எங்கள் வீட்டில் தெரியும். அங்கே மின்சாரம் எடுக்கிற எஞ்சினியர் என்று நான் கனகாலம் நினைத்திருந்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம் இருவரும் வந்து எங்களோடு தங்கியபோதுதான் விளக்கம் கிடைத்தது. அத்தான் எந்த நிலையத்தின் ஆளும் இல்லை. அந்த நாட்டு அரசாங்கத்தின் பாதுகாப்புப் பரிசோதகராக இருந்தவர். நிலையங்களுக்குள் போவார், பார்ப்பார், கேட்பார். திருப்தி இல்லாவிட்டால் இயக்க விடமாட்டார்.

“அப்ப நீங்கள் அங்கை ஒண்டும் செய்யிறதில்லையோ?” என்று என் கணவர் கேட்டார்.

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய்கிறவர்களைக் கேள்வி கேட்பதுதான் தன் வேலை என்றார். அதற்கு எதற்குச் சம்பளம் என்று கணவர் பிறகு என்னிடம் தனியாகக் கேட்டார்.

எங்களுடையது வடகடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர். கணவருக்கு ஒரு படகு இருக்கிறது. அணு என்றதும் எங்கள் சனத்துக்கு ஞாபகம் வருவது அக்கரையில், இந்தியப் பக்கம் இருக்கிற நிலையம். அங்கே ஏதும் நடந்தால் காற்று இங்கே வருமா, பிடிக்கிற மீனைச் சாப்பிடலாமா என்று கடற்றொழிலாளர் சங்கத்தில் அடிக்கடி கதை எழும். அத்தானைப் பற்றிக் கேள்விப்பட்டதும் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்து, ஒரு பின்னேரம் வந்து பேசும்படி கேட்டார்.

சங்கக் கட்டடம் நிறையச் சனம். மீன் விற்கிற ஒரு அம்மா எழும்பி, “அக்கரையிலை இருக்கிறது பாதுகாப்போ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ ஐயா” என்றார்.

தனக்குத் தெரியாது என்றார் அத்தான். அந்த நிலையத்தைத் தான் போய்ப் பார்த்ததில்லையாம். சரி, பார்த்த நிலையங்கள் பாதுகாப்பா என்று இன்னொருவர் கேட்டார். பார்த்த அன்றைக்கு நிறுத்துவதற்குக் காரணம் காணவில்லை, அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தவர் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறுதலாக ஒரு சொல் சொன்னால் என்ன என்று கோபமும் வந்தது. என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்தால் எனக்கும் ஒன்றும் வரவில்லை.

சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் மீனுக்கு ஐஸ் செய்கிற கொம்பனி. என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன்தான் முதலாளி. கூட்டம் முடிந்து எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் மூக்கில் லேசான காரம். குளிரூட்டுவதற்கு அமோனியாக் காஸ் பாவிக்கிறார்கள், அந்த மணம் எங்களுக்குப் பழகிப்போனது. அத்தான் நின்றுவிட்டார். தேநீரைக் கையில் எடுக்காமலே குழாய்களைப் பார்த்துக்கொண்டு போனார். காஸின் அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து வெளியே விடுகிற வால்வு எது என்று கேட்டார். முதலாளி காட்டினார். அதைக் கடைசியாக எப்போது கழற்றிச் சோதித்தார்கள் என்று கேட்டார்.

“உது ஒரு நாளும் பிரச்சினை தந்ததில்லை, ஐயா. திறந்ததே இல்லை.”

“திறக்கத் தேவை வரேல்லையோ, இல்லாட்டி இறுகித் திறக்க ஏலாமல் இருக்கோ? வெளியிலை நிண்டு பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.”

முதலாளியின் முகம் மாறியது. மெஷினை நிறுத்தி, வால்வைச் சோதித்த பிறகு ஓட்டுவது நல்லது என்று அத்தான் மெதுவாகத்தான் சொன்னார். சொல்வதற்குத் தனக்கு இங்கே அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். ஆனால் வாசலில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். விடியும்போது, ஐஸ் கொம்பனி வெடிக்கப் போகிறது என்று அணுக்காரர் சொன்னதாக ஊர் முழுக்கக் கதை. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தூருக்குப் போய்விட்டாள். வேலையாட்கள் வரவில்லை. முதலாளி மெஷினை நிறுத்தவேண்டியதாயிற்று.

அது நல்ல மீன் படுகிற காலம். ஐஸ் இல்லாமல் நிறைய மீன் பழுதாகிப்போனது, எங்களுடையதும்தான். கணவர் அத்தானை ஒன்றும் கேட்கவில்லை. நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து என்னைத்தான் கேட்டார்: “உங்கடை அத்தான் அதுக்குள்ளை என்னத்தைக் கண்டவர்?” நானும் கூடவே நின்றவள்தான். ஒரு வால்வைக் கண்டேன், வேறு எதையும் காணவில்லை.

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வந்தார். ஒரு பழைய வாஷரை மாற்றினார், மணம் நின்றது. வால்வைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று அத்தான் கேட்டார். அதற்குக் காஸ் முழுவதையும் இறக்கவேண்டும், தேவையில்லை என்றார் மெக்கானிக். மெஷின் மறுபடி ஓடியது. அத்தான் சொன்னதால்தான் பிழை பிடிபட்டது என்று சிலர் சொன்னார்கள். வாஷருக்காகவா ஊரைக் கலைத்தவர் என்று சிலர் ஏசினார்கள். தான் கேட்டது வாஷரைப் பற்றி இல்லை என்றார் அத்தான். மூன்று பக்கமும் எனக்குச் சரியாகவே பட்டது.

புறப்படுகிற நாள் காலையில் அவர் சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“உண்மையா ஆபத்து இருந்ததோ, அத்தான்?”

“தெரியேல்லை. தெரியாததாலைதான் நிப்பாட்டச் சொன்னனான்.”

“அப்ப இப்ப?”

“இப்பவும் தெரியேல்லை.”

வீட்டிலும் இவர் இப்படித்தான் என்று அக்கா சூட்கேசைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒன்றுவிட்ட அண்ணன் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயில் திருவிழாவில் அவர் மனைவிதான், புது வால்வுக்குச் சொல்லியிருக்கிறார் என்றாள். பழையதைக் கழற்றி அதைப் பூட்டியாயிற்றா என்று அவளுக்குத் தெரியாது. அக்காவோடு போனில் கதைக்கும்போது இதைச் சொன்னேன். அத்தான் போனை வாங்கி, நீர் ஒருக்கால் நேரில் போய்ப் பாரும் என்றார்.

கணவரோடு ஐஸ் எடுக்கப் போனேன். முதலாளி என்னைக் கண்டதும், நான் கேட்க முதலே, “உள்ளுக்கை வந்து வடிவாப் பாருங்கோ” என்றார். வால்வு பளபளவென்று இருந்தது. புதிதா, பழையதற்குப் பெயின்ட் அடித்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கணவர் வெளியே இருந்து கூப்பிட்டார், படகுக்கு நேரமாகிவிட்டது.