மணிமுத்து எழுதிய ஆறாவது பாட்டு

தென்காசியில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் மணிமுத்துவின் எழுத்தைப் படிக்காதவர் ஊரில் கிடையாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இருபது வருஷமாக எல்லாருக்கும் வாசகம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். எழுதியது யார் என்று மட்டும் எவனும் கேட்டதில்லை. தன் பேர் போட்டு ஒரு பாட்டாவது வெளியே வர வேண்டும், அதன் வரிகளை நாலு பேர் கேட்க வேண்டும் என்பது மனுஷனுடைய ரகசிய ஆசை.

அதற்கு ஸ்ரீமதி ரூபத்தில் வழி பிறந்தது. உள்ளூர்ப் பெண்; பத்தொன்பது வயதில் ஏழு மணி சீரியலின் கதாநாயகி. ஆறே மாதத்தில் சீரியலில் அவளுக்கு இரண்டு கல்யாணம், ஒரு கடத்தல் முடிந்து, மாமியாருக்குப் பாலில் விஷமும் கலந்தாயிற்று. குடும்பங்கள் அதைச் சோறு பிசைந்துகொண்டே பார்த்தன. இப்போது முதல்முதலாக ஒரு பாப் ஆல்பம் பாடப்போகிறாள். ஆறு பாட்டு. "குடும்பத்தோட ஒக்காந்து கேக்குத மாதிரி இருக்கணும்வே," என்று சொல்லி, அவள் அப்பா பரமேஸ்வரன் எழுதும் வேலையை மணிமுத்துவிடம் ஒப்படைத்தார்.

அம்மா, அப்பா, அண்ணன், தங்கை, காலையில் பல் விளக்குவது என்று ஐந்து பாட்டும் மளமளவென்று வந்தன. ஆறாவதுக்குத்தான் மணிமுத்து ஒரு மாதம் உயிரைக் கொடுத்தார். 'சாரல் தொட்ட இடமெல்லாம் உன் பேரைச் சொல்லுது' என்று தொடங்கும் பாட்டு. ஸ்ரீமதி பாடிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு இருக்கு," என்றாள். அன்றைக்கு அவர் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் தாய்மாமன் தலையாட்டாமல் அந்த வீட்டில் காதுகூடக் குத்த முடியாது. மாமன் குத்தாலிங்கத்துக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். அப்பா, மகள், மணிமுத்து மூவரும் போனபோது, சீசன் சாரலில் இடுப்பில் ஒரு துண்டோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிமுத்து பாட்டை வாசித்தார்.

"நிறுத்தும்! பொம்பளப்பிள்ள சாரல்ல நனைஞ்சிக்கிட்டு நிக்கதா? மானம் மரியாத வேண்டாமா?" என்று கேட்டபடி மாமன் தொப்பையில் வழிந்த எண்ணெயைத் துடைத்தார். சாரல் போயிற்று.

"தொட்ட இடம்னா எந்த இடம்வே?" அதுவும் போயிற்று.

"சரி, யாரு இந்த 'உன்'?"

"பொதுவா ஒருத்தர், அண்ணாச்சி."

"பொதுவா வாரவன உம்ம வீட்டுக்குள்ள விடுவேராவே?"

மணிமுத்து 'உன்'னையும் அடித்தார். நாலு சரணமும் அடிபட்டு மெட்டு மட்டும் மிஞ்சியது. ஸ்ரீமதி ஆத்திரத்தில் வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று அதை ஹம்மிங் பண்ணிக் காட்டினாள். "இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது," என்று மாமன் சம்மதம் கொடுத்தார்.

ஆல்பம் வந்தது. ஐந்து பாட்டைச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஹம்மிங்கை ஊரே கேட்டது. ஆட்டோவில், புளியறை செக்போஸ்டில் காத்து நிற்கும் லாரியில், எங்கும் 'ம்ம்ம்'. செல்போனில் பாட்டுக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'பாடல் வரிகள்: மணிமுத்து'. கடைக்கு வந்தவரெல்லாம் "பிரமாதமா எழுதியிருக்கேரு," என்று கையைக் குலுக்கினார்கள். மனுஷன் வெட்கத்தில் குன்றிப்போனார்.

மனைவி இசக்கிசெல்வி மட்டும் செல்போனில் அதை முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா ஒரு மாசம் ஒறங்காம கெடந்திய? அப்படி என்னதான் எழுதுனிய?" என்று கேட்டாள்.

அதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே அவர் ஏங்கிக் கிடந்தார்! அடுக்களை வாசலில் நின்றபடியே, கட்டைக் குரலில், வெட்டுப்பட்ட நாலு சரணத்தையும் பாடினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு மட்டம் பாடுங்க," என்றாள்.