சுகமாவதற்கு முன்பே ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

எங்கள் வீட்டில் ஒரு தடவை நோய் குணமாவதற்கு முன்பே, குணமானதற்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது. பந்தல், மைக்செட், கோழி பிரியாணி எல்லாம் உண்டு. நோய்க்காரி என் அம்மா. எனக்கு அப்போது ஒன்பது வயது. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம்.

அம்மாவுக்கு வயிற்றில் புற்று. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் பல மாதம் பார்த்துவிட்டு, இனி கொண்டுவர வேண்டாம் என்று வலிக்கு மட்டும் குளிகை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் தெரியும். அம்மாவிடமும் என்னிடமும் மறைத்துவிட்டார்கள்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, கெட்டவள் இல்லை. தங்கைக்காகச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்தே பாதியாகிப் போனவள். எங்கள் சபைப் போதகர் வந்தால் மெதுவாக ஜெபம் செய்து, தேவ சித்தப்படி ஆகட்டும் என்று முடித்துவிடுவார். அது அவளுக்குப் போதவில்லை. நாகர்கோவிலிலிருந்து ஓர் ஊழியக்காரரை அழைத்துவந்தாள். அவர் விஷயத்தைச் சுலபமாக்கினார். சுகம் கொடும் என்று கேட்பதே சந்தேகம், கிடைத்துவிட்டது என்று நம்பி முதலில் நன்றி சொல்லிவிட வேண்டும். நன்றி சொன்ன பிறகு குளிகை விழுங்குவது தேவனை அவமதிப்பது. வீட்டில் ஒரே ஒருவர் நம்பாவிட்டாலும் காரியம் நடக்காது. இதையெல்லாம் அவர் கதவைச் சாத்து, விளக்கைப் போடு என்பதுபோலச் சொன்னார். குளிகை டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது.

ஒரே ஒருவர் என்றதும் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் அய்யாவழிக் குடும்பத்தில் பிறந்து, அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். பெரியம்மா அவரை நேராகவே கேட்டாள். அவர், ஜெபம் கேட்கும்போது நடக்கும் என்றுதான் இருக்கிறது, எழுந்து வெளியே வந்தால் டாக்டர் சொன்னதுதான் காதில் கேட்கிறது, நான் என்ன செய்ய என்றார். அவர் சொன்ன ஒரே பதில் அதுதான். பாவம், அவரை எல்லோரும் வீணாகச் சந்தேகப்பட்டார்கள். நம்பாத ஆள் நான் என்று எனக்குத் தெரியும்.

முயற்சி செய்யாமல் இல்லை. அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்று கண்ணை இறுக்கி மூடிச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து அறையில் அம்மா முனகுவது கேட்கும். சின்ன விஷயத்தில் பழகிக்கொள்ளலாம் என்று குளியலறையில் நிறைந்த வாளி முன்னால் உட்கார்ந்து, இதில் தண்ணீரே இல்லை என்று நம்பப் பார்த்தேன். பள்ளிக்கூட வேன் வந்து ஆரன் அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நம்பிக்கை வரவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

கூட்டத்தன்று அப்பா விடியுமுன் தோவாளைக்குப் போய்ப் பூ வாங்கிவந்தார். அம்மாவுக்குப் பட்டுச்சேலை கட்டி, தொளதொளத்த ஜாக்கெட்டை ஊக்கால் பிடித்துவிட்டார்கள். அவள் எழுந்து நின்று மைக்கைப் பிடித்து, தனக்குப் பூரண சுகம் கிடைத்தது என்று சாட்சி சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. பந்தல் முழுக்க அல்லேலூயா சொன்னது. பெரியம்மா ஓவென்று அழுதாள்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டாள். கட்டிலில் சுருண்டு கிடந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"அலமாரி மேல டப்பா இருக்கு. ஒரு குளிகை எடுத்துத் தா மக்கா. பெரியம்மாட்ட சொல்லாண்டாம், கேட்டியா?"

கொடுத்தால் அவள் செத்துப்போவாள். கொடுக்கவும் முடியாமல், சும்மா நிற்கவும் முடியாமல், உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு நம்பிக்கை வரமாட்டங்குதும்மா. எவ்வளவு நெனச்சாலும் வரமாட்டங்குது."

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் வரல்ல மக்கா. வரணும்னு நெனச்சா வந்திருமா? அக்காக்காகச் சொன்னேன். நீ அழாத."

நாற்காலி போட்டு ஏறிக் குளிகையை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கணக்கில் நான் மட்டும் பெயில் இல்லை, அம்மாவும் பெயில் என்பதுபோல ஒரு சந்தோஷம்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அம்மா போய்விட்டாள். வீட்டில் அவிசுவாசம் இருந்தது என்று ஊழியக்காரர் போனில் சொன்னாராம். பெரியம்மா அன்றைக்கு அப்பாவிடம் பேச்சை நிறுத்தியவள்தான், இன்றுவரை பேசவில்லை. அப்பாவும் பழியை மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்த செய்தியை அம்மாவே கூட்டத்தன்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். தான் பிழைக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் நான். நானோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரியாணியில் கோழிக்கால் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் பந்தலுக்கு ஓடினேன்.